பெட்டை மானைச் சுடலாமா? விஸ்கான்சினிலிருந்து ஒரு மன்னார்குடிக்காரன் கேட்கிறேன்

வெண்ணாற்றங்கரை:

நம்ம டெல்டா ஆட்கள் புழங்குகிற இடம் என்பதால் இங்கே கேட்கிறேன், வேறு எங்கே கேட்டாலும் ஒன்று திட்டுகிறார்கள், இல்லையென்றால் துப்பாக்கி விலை சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம், அமெரிக்காவில் விஸ்கான்சினுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. பக்கத்தில் பால் பண்ணை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், எழுபது தாண்டியவர், முட்டி வலி, "இந்த வருஷம் என்னால் பரண் ஏற முடியாது, நீ வந்து இரண்டு பெட்டை மானைச் சுட்டுக்கொண்டு போ" என்கிறார். அவருடைய சோயாவில் காட்டை ஒட்டி இருக்கிற பக்கம் பத்து வரிசை மொட்டையாகக் கிடக்கிறது, கண்ணால் பார்த்தேன்.

வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்துவிட்டேன் (1973இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் உரிமம் வாங்க அதை முடித்தாக வேண்டும் என்பது இங்கே பொதுவான விதி). போன வருஷம் ஒரு ஆண்மான் கிடைத்தது, அப்போது மனசில் ஒன்றும் தோன்றவில்லை. பெட்டை என்றதும் கை வரமாட்டேன் என்கிறது. எங்கள் வீட்டில் கோயிலுக்கு வெட்டுவது கிடாதான். ஒரு தடவை பெட்டை ஆட்டைக் கசாப்புக்குப் பிடித்துக் கொடுத்தார்கள் என்று அப்பத்தா அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. அம்மாவிடம் போனில் சொன்னால் "வயித்துல குட்டி இருந்தா என்னடா பண்ணுவே" என்று ஒரே கேள்வி, என்னிடம் பதில் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம், அது வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது.

உப்பளத்தான்:

நான் வேதாரண்யம். இங்கே கோடியக்காட்டில் ஒரு வெளிமான் மேல் கல் விட்டெறிந்தாலே வாட்சர் வந்து நிற்பார். நீங்கள் அங்கே உட்கார்ந்துகொண்டு ஆண் சுடலாமா பெண் சுடலாமா என்று பட்டிமன்றம் நடத்துகிறீர்கள். கஜா புயல் அடித்த மறுநாள் கரையில் ஒதுங்கிக் கிடந்த மான்களைப் பார்த்தவன் நான், காரைக்கால் பக்கம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. அதைப் பார்த்தவனுக்கு இந்தக் கேள்வியே பிடிக்காது.

கிடைக்காரன் பேரன்:

உப்பளத்தான் அண்ணே, கோபம் புரிகிறது, ஆனால் அவர் கேட்கிற மானும் நம்ம மானும் ஒன்றில்லை, நிலைமையும் ஒன்றில்லை. கொஞ்சம் பொறுங்கள்.

தம்பி, அம்மா கேட்டது நல்ல கேள்வி, அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் கிடையை நினைத்துப் பார். எங்கள் தாத்தா ராமநாதபுரம் சீமையிலிருந்து தாளடி அறுப்பு முடிந்ததும் ஆடு ஓட்டிக்கொண்டு வந்து திருத்துறைப்பூண்டி, கோட்டூர் வயல்களில் எருவுக்காக மந்தையை ராத்திரி அடைத்துக் கிடை போட்ட கீதாரி, அதாவது ஊர் ஊராக ஆடு மேய்க்கிறவர், அப்புறம் இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்டார். அவர் மந்தையில் முப்பது தாயாட்டுக்கு ஒரு கிடா, அவ்வளவுதான். பிறக்கிற குட்டியில் பாதி கிடாக்குட்டி, அதில் பொறுக்கி எடுத்த ஒன்றிரண்டைத் தவிர மற்றது எல்லாம் சந்தைக்குப் போய்விடும். அதனால் மந்தை குறைந்ததா? அடுத்த வருஷம் பெருகித்தான் நிற்கும், ஏனென்றால் ஈனுகிறவள் ஒருத்தியும் குறையவில்லை.

மந்தையையே குறைக்க வேண்டிய வருஷம் என்று ஒன்று வரும். மழை பொய்த்து, மேட்டூரில் தண்ணீர் இல்லாமல், வயலில் நக்கக்கூடத் தாள் இல்லாத வருஷம். அந்த வருஷம் தாத்தா கிடாவைத் திரும்பியும் பார்க்கமாட்டார். பல் போன ஆடு, இரண்டு ஈத்து தப்பின ஆடு, மடி கெட்டது என்று பார்த்துப் பார்த்துப் பெட்டையைத்தான் கழிப்பார். கழிக்கிறது என்ற வார்த்தையே அதற்குத்தான் எங்களிடம். அன்றைக்கு ராத்திரி பேசாமல் படுத்துக்கொள்வார், அது வேறு. ஆனால் கழிக்காவிட்டால் பங்குனி, சித்திரையில் நல்ல ஆடும் சேர்ந்து எலும்பாகி விழும் என்று அவருக்குத் தெரியும்.

கணக்கு அவ்வளவுதான். நூறு பெட்டை, பத்து கிடா என்று வைத்துக்கொள். கிடாவில் ஐந்தை எடுத்தால் அடுத்த வருஷக் குட்டியில் பெரிதாக ஒன்றும் குறையாது. பெட்டையில் முப்பதை எடுத்தால் முப்பது ஈத்து குறையும். உங்கள் ஊர் மான் இரட்டை போடுமாமே, அப்படியென்றால் அறுபது.

வெண்ணாற்றங்கரை:

ஆமாம் அண்ணே, நன்றாகத் தின்று வளர்ந்த பெட்டை இங்கே இரட்டைக்குட்டி போடுவது சாதாரணம். சோளக்காட்டுப் பக்கமாக இருந்தால் பிறந்து ஏழெட்டு மாசம்கூட ஆகாத பெட்டைக்குட்டியே சினையாகிவிடும் என்று பெரியவர் சொல்கிறார், நான் நம்பவில்லை, அப்புறம் விசாரித்தால் உண்மைதான்.

கேள்வியில் விட்டுப்போன ஒன்று: யார் வேண்டுமானாலும் எத்தனை பெட்டையை வேண்டுமானாலும் சுட முடியாது. ஒவ்வொரு கவுண்டிக்கும் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) உள்ளூர் ஆட்கள் உட்கார்ந்து பேசி, இந்த வருஷம் கொம்பில்லாத மானுக்கு இத்தனை அனுமதிச் சீட்டு என்று பரிந்துரை செய்கிறார்கள். சில இடத்தில் ஒன்றுகூடக் கிடையாது, எங்கள் பக்கம் தாராளம். சுட்ட பிறகு கணக்கில் பதிய வேண்டும். ஓநாய் வடக்கே இருக்கிறது, நாங்கள் இருக்கும் தெற்கில் அது ஒரு பொருட்டில்லை. மானைக் குறைப்பதற்குக் காரும் துப்பாக்கியும்தான். காரை விட்டு மானை மோதாத ஆளை எங்கள் அலுவலகத்தில் தேட வேண்டும்.

கீழவீதி:

ஆட்டுக்கு ஒரு சொந்தக்காரன் இருக்கிறான், தண்ணி காட்டுகிறான், நோய் வந்தால் பார்க்கிறான், அதனால் கழிக்கவும் செய்கிறான். மான் யாருடைய ஆடு? அதில் அதிகம், குறைவு என்று சொல்ல நீங்கள் யார்? சோயா தின்றுவிட்டதாம். காடு இருந்த இடத்தில் சோயா போட்டது யார்?

சரி, சுட்டே ஆகவேண்டும் என்றால் கொம்புள்ளதையே சுடுங்களேன். எப்படியும் முட்டிக்கொண்டு சாகிறதுதானே.

பென்சில்வேனியா மாப்பிள்ளை:

கீழவீதி, கொம்புள்ளதையே சுடுவது என்பதை இங்கே ஒரு தலைமுறை செய்து பார்த்துவிட்டார்கள். மாமனார் வீடு கும்பகோணம், பிழைப்பு பென்சில்வேனியா, பதினேழு வருஷமாக இந்தக் காட்டில் நடக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிறபோது இங்கே மானே அற்றுப்போகிற நிலைமை. கறிக்கும் தோலுக்கும் சந்தைக்கு அடித்துத் தீர்த்துவிட்டார்கள், காட்டையும் வெட்டிவிட்டார்கள். 1907இல் பென்சில்வேனியாவில் சட்டம் போட்டார்கள், கொம்பு இருந்தால் மட்டும்தான் சுடலாம், பெட்டையைத் தொடக்கூடாது என்று. அந்தக் காலத்துக்கு அது நியாயமான சட்டம், மானும் திரும்பி வந்தது. வெட்டின காட்டில் இளந்துளிர் நிறைய, தின்கிற மிருகம் இல்லை, பெட்டைக்குப் பாதுகாப்பு. இருபது வருஷத்தில் காட்டுக்குள் ஆள் இடுப்பு உயரத்துக்கு மேல் மட்டும்தான் பச்சை என்கிற அளவுக்கு வந்துவிட்டது, குளிர்காலத்தில் பட்டினியில் விழுந்தது. 1928இல் ஆண்மானைச் சுடவே கூடாது, அந்தப் பருவம் முழுக்க கொம்பில்லாதது மட்டும் என்று உத்தரவு போட்டார்கள். எதிர்ப்பு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்பன் பிள்ளைக்கு "ஆம்பிளை பெட்டையைச் சுடமாட்டான்" என்று சொல்லிக் கொடுத்து வளர்த்த ஊர். அந்தப் பேச்சு இன்றைக்கும் சாகவில்லை, எங்கள் பக்கத்துக் கிழவர் ஒருவர் இப்போதும் பெட்டை சுடுகிறவனோடு சேர்ந்து காப்பி குடிக்கமாட்டார்.

இன்னொரு விஷயம், இது ஆட்டில் கிடையாது. ஆண்குட்டி ஒன்றரை வயசு வாக்கில் பிறந்த இடத்தை விட்டு மைல் கணக்கில் போய்விடும், பெட்டைக்குட்டி அம்மாவை ஒட்டியே நிற்கும், பாட்டி, மகள், பேத்தி என்று ஒரே மேய்ச்சலில் ஒரு குடும்பம். அதனால் உன் நிலத்தில் ஒரு கொம்பனைச் சுட்டால் அந்த இடத்துக்கு எங்கிருந்தோ இன்னொருவன் வந்து சேர்வான். பயிரைத் தின்கிற குடும்பம் அப்படியேதான் இருக்கும். ஒன்றிரண்டு பெட்டையை எடுத்தாலும் பெரிதாக மாறாது, மிச்சம் இருப்பதற்குத் தீனி கூடுதலாகக் கிடைத்து இன்னும் நன்றாக ஈனும். வருஷா வருஷம், போதுமான அளவுக்கு எடுத்தால்தான் பலன்.

அப்புறம் தம்பிக்கு ஒரு எச்சரிக்கை, என் சொந்தத் தப்பு. மூன்றாவது வருஷம், மாலை மங்குகிற நேரம், கொம்பில்லாத மான் ஒன்று தனியாக வந்தது. சுட்டேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் நெற்றியில் இரண்டு மொட்டு, ஆறு மாசக் கிடாக்குட்டி. சட்டப்படி குற்றம் இல்லை, கொம்பில்லாத மான் சீட்டில் அதுவும் அடங்கும். ஆனால் பெட்டையைக் குறைக்கப் போய் ஒரு குட்டியைக் கொன்றுவிட்டு வந்தேன். தனியாக வருகிற "பெட்டை" பாதிக்கு மேல் இந்தக் குட்டிப்பயல்தான், அவனுக்குப் பயம் தெரியாது, முதலில் வெளியே வருவான். இரண்டு மூன்று சேர்ந்து நிற்கும் வரை காத்திரு. பெரிய பெட்டைக்கு முகம் நீளம், கழுத்து நீளம், உடம்பு நீள்சதுரம். குட்டி பெட்டி மாதிரிச் சதுரமாக இருக்கும், முகம் குட்டை. பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒரு பார்வையில் தெரியும், தனியாக நின்றால் எனக்கு இப்போதும் தெரியாது.

கிடைக்காரன் பேரன்:

அம்மா கேட்டதற்கு வருகிறேன் என்றேனே. தம்பி, அங்கே சுடுகிற மாசம் எது, குட்டி எந்த மாசம்?

வெண்ணாற்றங்கரை:

துப்பாக்கிப் பருவம் நவம்பர் கடைசி, ஒன்பது நாள். இணை சேர்வது நவம்பர் முதல் பாதியில்தான் உச்சம். குட்டி மே கடைசி, ஜூன். சினைக்காலம் இருநூறு நாள் சுமார்.

கிடைக்காரன் பேரன்:

அப்படியென்றால் போன ஜூனில் போட்ட குட்டிக்கு ஆறு மாசம் ஆகப்போகிறது, பால் மறந்து எப்போதோ ஆகியிருக்கும், தாய் இல்லாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும். அடுத்த சினை சில நாள் கணக்கு, கண்ணுக்குத் தெரிகிற அளவில் ஒன்றும் இருக்காது. அம்மாவிடம் இதை இதே மாதிரி சொல். ஏற்றுக்கொள்ளமாட்டார், ஆனாலும் சொல். நம்ம ஊர்ப் புள்ளிமானாக இருந்தால் இந்தப் பதில் செல்லாது, அது வருஷம் முழுக்க எந்த மாசத்திலும் ஈனும். எந்த நாளில் எந்தப் பெட்டையைப் பார்த்தாலும் ஒன்று வயிற்றில் இருக்கும், இல்லை புதரில் படுத்திருக்கும்.

சட்டப்பிள்ளை நாகை:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இங்கிருந்து படிக்கிற யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். இந்தியாவில் இது விவாதமே இல்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972இல், அப்போது உரிமம் வாங்கி வேட்டையாட இடம் இருந்தது. வேடிக்கை என்னவென்றால் அந்த மூலச் சட்டத்திலேயே குட்டியோடு திரிகிற பெட்டையையும், தோல் உரியாத இளங்கொம்போடு இருக்கும் மானையும் வேட்டையாடக் கூடாது என்று ஒரு பிரிவு உண்டு. அப்பத்தா மனசு சட்டத்திலும் இருந்திருக்கிறது. 1991 திருத்தத்தில் அந்த உரிம வேட்டையே போய்விட்டது.

வெளிமான் முதல் அட்டவணை. அதை வேட்டையாடினால் மூன்று முதல் ஏழு வருஷம் வரை சிறை. புள்ளிமான் 2022 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பயிரையோ ஆளையோ பாதிக்கிறது என்றால் தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்தில் அனுமதி தரலாம், அது ஒரு வாசல். மத்திய அரசு தொல்லை விலங்காக அறிவிப்பது இன்னொன்று. பீகாரில் நீலான் பயிரை அழிக்கிறது என்று 2015 டிசம்பரில் மத்திய அரசு அதைத் தொல்லை விலங்காக அறிவித்து, 2016 ஜூனில் மொகாமாவில் வெளியூர் வேட்டைக்காரர்களைக் கூட்டி வந்து சுட்டார்கள். அப்போது சுற்றுச்சூழல் மந்திரியாக இருந்த ஜவடேகருக்கும் இன்னொரு மத்திய மந்திரியான மேனகா காந்திக்கும் நடந்த சண்டை மந்திரிசபைக்குள்ளேயே வெளிப்படையாக நடந்தது. நம்ம மாநிலத்தில் 2025 ஜனவரியில் காட்டுப்பன்றிக்கு மட்டும் ஆணை வந்தது, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறை சுடலாம், ஒரு கிலோமீட்டருக்குள் கூடாது, நடுவில் பிடித்துக் காட்டில் விட வேண்டும். விவசாயி கையில் துப்பாக்கி கொடுக்கவில்லை. மானைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

உப்பளத்தான்:

பன்றியைப் பற்றிச் சொன்னதால் சொல்கிறேன், என் கடலைக் கொல்லையில் ஒரே ராத்திரியில் கால் மா கிளறிப் போட்டிருக்கிறது. மான் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. ஆக, மேலே நான் எழுதியதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், மீதிப் பாதி அப்படியே இருக்கட்டும்.

பாலைமரம்:

ரொம்ப நாளாக வாசித்துவிட்டுப் போகிறவன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். கோடியக்கரையில் பறவை பார்க்கப் போய்ப் போய் மான் பார்க்கப் பழகியவன். முதலில் ஒரு திருத்தம், வெளிமான் மான் இல்லை, இரலை. மானுக்குக் கொம்பு வருஷா வருஷம் விழுந்து முளைக்கும், இரலையின் கொம்பு விழாது, வெளிமானுக்கு அது திருகிக்கொண்டே வளரும். ஆணைத்தான் கருப்பாகப் படம் எடுக்கிறோம், பெட்டை மஞ்சள் பழுப்பு, பொதுவாகக் கொம்பு கிடையாது, கேமரா வைத்திருக்கிறவன் அதைத் திரும்பியே பார்க்கமாட்டான்.

சரணாலயம் 1967இல் அறிவித்தது. அங்கே இவர்கள் போட்ட கணக்கையே தலைகீழாகப் போட வேண்டும். விஸ்கான்சினில் பெட்டையை எடுத்தால்தான் குறையும் என்றால், கோடியக்கரையில் ஒரு பெட்டை போனால் ஒரு வருஷ ஈத்து போகும். ஒரு ஈத்துக்கு ஒரு குட்டிதான், அந்தக் குட்டியை நரியும் ஊர் நாயும் பார்த்துக்கொண்டிருக்கும். புல்வெளியைச் சீமைக்கருவேலம் மூடிக்கொண்டு வருகிறது. ஊர்க்குதிரை காட்டுக்குதிரையாகி அதே புல்லை மேய்கிறது, கருவேலங்காயைத் தின்று சாணியில் விதையை ஊர் பூராவும் போடுகிறது. கோடையில் நல்ல தண்ணீர்க் குட்டை வற்றினால் முதலில் தள்ளாடுவது சினையும் குட்டித்தாய்ச்சியும். 2018 நவம்பர் 16 ராத்திரி கஜாவில் போனதில் எத்தனை பெட்டை என்று எண்ணியிருந்தால் அந்தக் கணக்குத்தான் எனக்கு முக்கியம். மொத்தம் எத்தனை என்பதில் பாதிதான் செய்தி.

இதே புள்ளிமானை 1860களில் ஹவாய்க்குக் கொண்டுபோய் விட்டார்கள், 1932இல் டெக்சாஸுக்கு. அந்தமானுக்கும் வெள்ளைக்காரன் காலத்தில் போனது. புலி இல்லை, சிறுத்தை இல்லை, செந்நாய் இல்லை. இன்றைக்கு ஹவாயின் மௌயி தீவில் விவசாயி வேலி போட்டுக் களைத்துவிட்டான், அங்கே ராத்திரியில் பெட்டையைப் பார்த்துச் சுடுகிறார்கள். இங்கே கும்பிடுகிற அதே மிருகம்தான்.

கீழவீதி:

சரி, சுடாமல் கருத்தடை செய்யலாமே. கோடியக்கரைக் குதிரைக்குக் காயடிக்க வேண்டும் என்ற பேச்சு எத்தனை வருஷமாக ஓடுகிறது.

பென்சில்வேனியா மாப்பிள்ளை:

நியூயார்க்கில் ஸ்டேட்டன் தீவில் 2016 முதல் அதைத்தான் செய்கிறார்கள், ஆண்மானுக்கு மயக்க ஊசி போட்டு விந்துக்குழாயை அடைக்கிறார்கள். எண்ணிக்கை குறையவும் செய்தது. ஆனால் அது தீவு, வெளியிலிருந்து கொம்பன் வருவது குறைவு, மாநகராட்சியிடம் மில்லியன் கணக்கில் காசும் இருக்கிறது. அப்படியும் கிட்டத்தட்ட எல்லா ஆணையும் பிடித்தாக வேண்டும், பத்தில் ஒன்று தப்பினாலும் அது ஒன்பதின் வேலையையும் சேர்த்துப் பார்த்துவிடும். கிடைக்காரர் சொன்ன முப்பதுக்கு ஒரு கிடா கணக்குத்தான். குதிரைக்கும் அதேதான், பொலிகுதிரைக்குக் காயடித்துவிட்டு ஒன்றை விட்டுவிட்டால் வேலை வீண். மட்டக்குதிரைக்குத்தான் ஊசி போட வேண்டும்.

கிடைக்காரன் பேரன்:

மட்டக்குதிரை என்றால் குட்டைக் குதிரை, மாப்ளே. நீங்கள் சொல்ல வந்தது பெண்குதிரை. கும்பகோணத்தில் பெண் எடுத்தும் தமிழ் போய்விட்டது.

பென்சில்வேனியா மாப்பிள்ளை:

ஒத்துக்கொள்கிறேன். பெண்குதிரைக்கு.

வெண்ணாற்றங்கரை:

எல்லோருக்கும். ஒன்பது நாளும் முடிந்துவிட்டது, சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது.

முதல் சனிக்கிழமை ஆரஞ்சு சட்டை போட்டுக்கொண்டு பெரியவரின் பரணில் உட்கார்ந்தேன். ஏழரை மணிக்குக் கொம்பில்லாத ஒன்று தனியாக வந்தது, நாற்பது அடியில் நின்று என்னைப் பார்த்து மூக்கை ஆட்டியது. மாப்பிள்ளை அண்ணன் சொன்னது காதில் விழுந்தது, சுடவில்லை. பத்து நிமிஷம் கழித்துப் பின்னாலேயே இரண்டு வந்தன, முதலில் வந்தது அதில் பெரியதின் தோள் உயரம்கூட இல்லை. அந்தப் பெரியதைச் சுட்டேன். விழுந்த பிறகு மற்ற இரண்டும் ஓடி வேலியோரம் நின்று திரும்பிப் பார்த்தன. அதை அம்மாவிடம் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். இரண்டாவது சீட்டை எடுக்கவில்லை. பெரியவர் கேட்டார், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன், "அடுத்த வருஷம் இரண்டு நான்காகி நிற்கும்" என்று முனகிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் சொல்வது சரிதான்.

வயிற்றைக் கிழித்துச் சுத்தம் செய்தபோது பார்த்தேன், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்கள் பக்கம் மானுக்கு மூளையைத் தின்கிற ஒரு தேய்வு நோய் 2002இலேயே தெரிய வந்தது, அதனால் தலையைப் பரிசோதனைக்குப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். மனுஷனுக்கு வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை, ஆனாலும் முடிவு வராமல் தின்ன வேண்டாம் என்கிறார்கள். கறி குளிர்பெட்டியில் தூங்குகிறது. நேற்று அம்மா அவராகவே கேட்டார், "அதை எப்படிடா சமைப்பே, கொழுப்பே இருக்காதே."

கிடைக்காரன் பேரன்:

கொழுப்பு இருக்காதுதான், வறுத்தால் சக்கையாகிவிடும். சோதனை நல்லபடியாக வந்ததும் சின்னச் சின்னதாக அரிந்து, நல்லெண்ணெய் கூடுதலாக விட்டு, சின்ன வெங்காயம் வதக்கி, மிளகு தட்டிப் போட்டு மெதுவான தீயில் வேக விடு. தேங்காய் வேண்டாம். பெட்டை என்பதால் கிடா வாடை அடிக்காது.

உப்பளத்தான்:

உப்பு கல் உப்பாகப் போடுங்கள்.